மின்னிசைக் கருவியின் செய்தி கணிப்பொறிக்கு எட்டாதபோது

மின்னிசைக் கருவியொன்றைக் கணிப்பொறியோடு பிணைத்து, இசைநிரல் எழுதுதற்குரிய மென்பொருளின் வாயிலாக அதனை ஒலிப்பிக்கும் வழக்கம் நம் மாணவரிடையேயும் புகுந்துவிட்டது. பிணைத்த அளவிலே எல்லாம் செவ்வனே நடக்குமாயின் எழுதுவதற்கு யாதுமில்லை. கட்டையை அழுத்தியும் கணிப்பொறி வாளா இருக்குமாயின், ஆண்டுத் தொடங்குகிறது தொல்லை. அத்தொல்லையில் ஓர் இரவு முழுவதும் உழன்றவன் என்னும் தகுதி ஒன்றுபற்றியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் தெளியவேண்டுவது ஒன்றுண்டு. கீபோர்டினின்று கணிப்பொறிக்குச் செல்வது ஓசை அன்று. விரல்கள் செய்த செயலைப் பற்றிய செய்தியே. ‘இன்ன கட்டை, இன்ன விசையோடு, அழுத்தப்பட்டது’ என்பதே அச்செய்தி. அதனைக் கேட்டு ஓசையை உண்டாக்குதல் மென்பொருளின் கடன். இச்செய்திமொழிக்கு மிடி என்று பெயர். முன்னர் நிறுவனத்தார் பலரும் தத்தம் கருவிகளுக்கு வெவ்வேறு இணைப்பு முறைகளை வைத்திருந்தமையால், ஒருவர் கருவி மற்றொருவர் கருவியோடு பேசமாட்டாதிருந்தது. அமெரிக்கராகிய டேவ் ஸ்மித் என்பார் 1981ஆம் ஆண்டில் பொதுமுறையொன்றை முன்மொழிந்தார். ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்த இக்குதாரோ ககேஹாஷி முதலியோரும் அம்முயற்சியில் ஈடுபட்டனர். 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த இசைவணிகக் கண்காட்சியில், ஸ்மித்தின் புராஃபெட்-600 என்னும் கருவியும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 என்னும் கருவியும் கம்பியாற் பிணைக்கப்பட்டு, ஒன்றை வாசிக்க மற்றொன்று ஒலித்தது. 2020இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வெளிவந்த பின்னரும், அன்று வகுத்த பழைய மொழியே பெரும்பாலும் வழங்குகின்றது.

இலக்கணம் பயில்வார்க்கு இம்மொழி கடினமன்று. ஒரு கட்டையை அழுத்துங்கால் மூன்று எண்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் செல்கின்றன. முதலெண் செயலையும் சேனலையும் ஒருங்கே உணர்த்தும். 144 எனின் முதற் சேனலில் ஒரு கட்டை அழுத்தப்பட்டது என்பது பொருள். 145 எனின் இரண்டாம் சேனலில். இவ்வாறே 159 ஈறாகச் சேனல்கள் பதினாறு. இரண்டாம் எண் எந்தக் கட்டை என்பதைக் குறிக்கும்; பியானோவின் நடு ஸி என்னும் சுரத்திற்கு அது 60. மூன்றாம் எண் அழுத்திய விசை. 1 முதல் 127 வரை. ஐந்துமுனைச் செருகியுடைய பழைய கம்பியில் நொடிக்கு 31,250 பிட்டுகள் செல்லுமாதலின், இம்மூன்றெண் செய்தி சென்றுசேர நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்களவே ஆகும்.

ஆகவே செய்தி எட்டாதபோது, விரலுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே அஃது எவ்விடத்தில் நின்றுவிட்டது என்று படிப்படியாய்க் கண்ணாற் கண்டு தேடுதலே தக்கது. நாங்கள் முதலிற் செய்தது அஃதன்று.

தமிழ் மன்ற விழாவிற்கு முந்திய மாலை, நகரில் வாழும் முதிய இசையாசிரியர் ஒருவரிடம் இரவல் பெற்ற கீபோர்டை விடுதியறையில் வைத்து, சூப்பர்கொலைடர் என்னும் மென்பொருளில் நண்பர் ஒருவர் எழுதிய நிரலோடு பிணைத்தோம். ஓசை எழவில்லை. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினோம். நிரலைப் பலமுறை திருத்தி, எத்திருத்தம் எதன்பொருட்டுச் செய்தோம் என்பதையும் மறந்தோம். நள்ளிரவில், கருவியே பழுதுற்றது எனத் தீர்மானித்து ஆசிரியர்க்குச் செய்தியும் அனுப்பிவிட்டோம். ‘பழுதானதைக் கொடுத்து உங்கள் விழாவைக் கெடுத்துவிட்டேன் போலும், தம்பிகளே, பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அவரிடமிருந்து விடை வந்தது. அதனைப் படித்தபின் எங்களுள் எவர்க்கும் உறக்கம் வரவில்லை. பொறுக்குமாறு அவர் எங்களை வேண்டுவதற்குக் காரணம் உண்டா என்பதையேனும் தெளிவோம் என்று, தொடக்கத்தினின்று தேடலானோம்.

முதலாவது கம்பி. யு.எஸ்.பி. கம்பிகளுள் மின்னூட்டத்திற்கு மட்டும் பயன்படுவன உண்டு; செய்தி செல்லும் இழைகள் அவற்றுள் இரா. கருவியின் விளக்கு எரிகின்றது என்பதுகொண்டு கம்பி நன்று எனத் துணிதல் கூடாது. கணிப்பொறியின் கருவிப்பட்டியலில் கீபோர்டின் பெயர் தோன்றுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஐந்துமுனைக் கம்பியாயின், ஒன்றன் ‘அவுட்’ துளையினின்று மற்றதன் ‘இன்’ துளைக்குச் செல்லுதல் முறை. ஆயின் யு.எஸ்.பி.யாக மாற்றும் கம்பிகள் சிலவற்றிற் பொறித்துள்ள ‘இன்’ என்னும் சொல், ‘இதனைக் கருவியின் இன் துளையிற் செருகுக’ என்றும் பொருள்படும். ‘இதுவே இன்’ என்றும் பொருள்படும். சிலேடை செய்யுளுக்கு அழகு; கம்பிக்கு அன்று. ஐயமெழுந்தால் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம், அதனால் தீங்கில்லை. எங்கள் கம்பி குற்றமற்றதாயிருந்தது.

அடுத்து மென்பொருளின் வாயில். கருவியைச் செருகுமுன்னரே தொடங்கப்பெற்ற மென்பொருள், பின்னர் வந்த கருவியைப் பெரும்பாலும் அறியாது. சூப்பர்கொலைடரில் மிடிகிளையன்ட் என்பதைத் தொடக்கிவைத்து, மிடிஇன் என்பதால் வாயில்களை இணைத்தாலன்றிச் செய்தி உட்புகாது. மில்லர் பக்கெட் இயற்றிய பியூர் டேட்டா என்னும் மென்பொருளிலோ, அமைப்புப் பலகையிற் கருவியைப் பெயர்சுட்டித் தெரிந்தெடுத்தல் வேண்டும். லினக்ஸ் கணிப்பொறியாயின், வாயில் திறந்திருந்தும் கருவியோடு தானே பொருந்தாமல், தனிக் கட்டளையால் இணைக்கும்வரை காத்திருப்பதும் உண்டு. வேறொரு மென்பொருள் அக்கருவியை முன்னரே பற்றிக்கொண்டு, மற்றொன்றை அணுகவொட்டாது தடுத்தலும் சில கணிப்பொறிகளில் நிகழும்.

இதன்பின்னரும் ஓசை எழாவிடின் நிரலை ஒதுக்கிவைத்து, வருஞ்செய்தியை உள்ளவாறே திரையிற் காட்டச் செய்தல் வேண்டும். எல்லாவற்றினும் பயனுடையது இதுவே. சூப்பர்கொலைடரில் மிடிஃபங்க் என்பதன் டிரேஸ் கட்டளையும், பியூர் டேட்டாவில் நோட்இன் பெட்டியைப் பிரிண்ட் பெட்டியோடு இணைத்தலும் இதற்குரியன. எண்களை ஒன்றுவிடாமற் காட்டும் திரைகளில், யாரும் கட்டையைத் தொடாதபோதே 254 என்னும் எண் ஓயாது வருதலைக் காணலாம். அது பழுதன்று, ‘யான் இன்னும் இங்குளேன்’ என்று சில கருவிகள் நொடிக்கு மூன்று முறையேனும் அறிவிக்கும் குறி.

எங்கள் திரையில், கட்டையைத் தொட்டவுடனே செய்தி தோன்றிற்று! சேனல் 0, கட்டை 60, விசை 71. கருவி முன்மாலை முதலே பேசிக்கொண்டிருந்தது. கேளாதிருந்தது எங்கள் நிரலே. கீபோர்டின் முகப்பு சேனல் 1 என்று காட்டியமையால் நண்பர் நிரலிலும் 1 என்றே எழுதியிருந்தார். சூப்பர்கொலைடரோ சேனல்களை 0 முதல் 15 வரை எண்ணும். அதற்கு 1 என்பது இரண்டாம் சேனல். பியூர் டேட்டா 1 முதலே எண்ணும். இவ்வேறுபாட்டை நாங்கள் முன் அறிந்திலோம். ஓரெண்ணை மாற்றினோம், அறை முழுதும் ஒலித்தது. அடுத்த அறையினர் அதற்காக எங்களை வாழ்த்தவில்லை.

கேளாமையே அன்றி மிகைபடக் கேட்டலும் ஒரு குற்றமாகும். பியூர் டேட்டாவில் புதிதாய் எழுதுவார்க்கு ஒவ்வொரு சுரமும் இருமுறை ஒலிக்கும். அழுத்துகையில் ஒருமுறை, விடுகையில் ஒருமுறை. காரணம், கட்டையை விடுதலும் ‘விசை 0 உடைய அழுத்தல்’ ஆகவே அந்நோட்இன் பெட்டியினின்று வெளிப்படுதல். இவ்வழக்கு மிடியிலேயே உள்ளது. முதலெண் மாறாதவிடத்து அதனை மீண்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்பது அம்மொழியின் விதி. நாம் தோன்றா எழுவாய் என்பதனை ஒத்தது. விடுதலையும் அழுத்தலாகவே சொன்னால் முதலெண் மாறாது, செய்தியும் சுருங்கும். ஸ்டிரிப்நோட் என்னும் பெட்டியை இடையில் வைத்தால், விசை 0 உடையன நீங்கிவிடும். கீபோர்டும் தானே ஒலித்துக் கணிப்பொறியும் ஒலித்தால் வரும் இரட்டை வேறு. அதற்குக் கருவியின் ‘லோக்கல்’ என்னும் அமைப்பை அணைத்தல் வேண்டும். அணைத்ததை மறந்து, கருவி ஊமையாயிற்று என்று பின்னொருநாள் வருந்துவாரும் உளர்.

காலையில் ஆசிரியரின் இல்லத்திற்கு நேரிற் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ‘மிதியைக் காலால் அழுத்திக்கொண்டே கருவியை மின்னேற்றிவிடாதீர்கள், பின் எல்லாம் தலைகீழாகிவிடும்’ என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பல கீபோர்டுகள் மின்னேறும்பொழுது மிதி இருக்கும் நிலையையே மிதியாத நிலையாகக் கொள்ளும் என்பதை அப்பொழுதே அறிந்தோம். அன்று மாலை மேடையில், காலை எடுத்தால் சுரங்கள் நீண்டன, மிதித்தால் அறுந்தன. அவையோர் காத்திருக்க, கருவியை அணைத்து, மிதியினின்று காலை அகற்றி, மீண்டும் ஏற்றினோம்.