வெள்ளோட்டப் பதிப்பும் 'டிரிம்' கட்டளையும்

எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் நாம் ஒரு கோப்பை அழித்தாலும், அவ்விடம் வெறுமையாயிற்று என்பதை அது தானாக அறியாது. அதனை அறிவிக்கும் கட்டளையே 'டிரிம்'. இஃதின்றேல் நாளடைவில் எழுதும் வேகம் குன்றக்கூடும்.

ஆப்பிள் நிறுவனமோ தன் கணினிகளில் தான் பொருத்திய சேமிப்பகங்களுக்கே இவ்வசதியை வழங்கி வந்தது. வேறு சேமிப்பகம் வாங்கிப் பொருத்தியோர், இயங்குதளத்தின் இயக்கிக் கோப்பைத் திருத்தியே அதனைப் பெற்றனர். 2014இல் யோசமிட்டியின் வெள்ளோட்டப் பதிப்பு வந்ததும் அவ்வழி அடைபட்டது. திருத்தப்பட்ட இயக்கியை அது ஏற்க மறுத்தது. கையொப்பச் சோதனையையே அடியோடு நிறுத்தினால் டிரிம் கிடைக்கும். ஓர் அறைக்காக வாசற்பூட்டையே கழற்றுவது போன்றதுதான்! அந்த நிறுத்தக் குறிப்பு எப்போதேனும் அழிந்துவிடின், கணினி தொடங்கவே மாட்டாது. குடும்பக் கணக்கும் படங்களும் உள்ள கணினியில் இதனைச் செய்யத் துணியலாமோ?

2015இல் 10.10.4 பதிப்பில் 'டிரிம்ஃபோர்ஸ்' என்னும் கட்டளையை ஆப்பிளே அளித்தது. இழப்பு நேரின் தான் பொறுப்பன்று என்னும் எச்சரிக்கையோடு.