ஆறாத புண்ணுக்கு பி.ஆர்.பி.: புற்றுநோயாளிகள் முதலில் கேட்க வேண்டியது

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு தரும் ஊர் என்று ஆய்க்குடி பெயர் பெற்றது அவரால்தான். அப்படி அடிபட்டவர்களை விடாமல் துரத்துவது படுக்கைப் புண். வலி தெரியாத இடத்தில் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சதை அழுகும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆறாது.

இத்தகைய புண்களுக்குத் தரப்படும் சிகிச்சைகளில் ஒன்று பி.ஆர்.பி. (பிளேட்லெட் ரிச் பிளாஸ்மா). நோயாளியின் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்துப் புண்ணில் இடுவார்கள். தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள் செல்களைப் பெருக்கும். புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கும்.

புற்றுக்கட்டி வளர்வதும் இதே காரணிகளைக் கொண்டுதான். கட்டி என்பது ஆறாத புண் என்று 1986-லேயே எழுதினார் அமெரிக்க நோயியல் அறிஞர் ஹெரால்ட் டுவோராக்.

ஒரு களிம்பின் கதை

தட்டணுவில் உள்ள காரணிகளில் ஒன்றைச் செயற்கையாகத் தயாரித்த பெகாப்லெர்மின் என்ற களிம்புக்கு, சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்காக 1997-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. மூன்று குழாய்களோ அதற்கு மேலோ பூசியவர்களிடம் புற்றுநோய் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால், 2008-ல் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. பிந்தைய தரவுகள் அந்த அச்சத்தை உறுதி செய்யாததால் 2018-ல் அது நீக்கப்பட்டது. ஆனாலும் கட்டி உள்ள இடத்தில் பூசக் கூடாது என்ற தடை நீங்கவில்லை.

பி.ஆர்.பி.க்கும் இதுவே நியாயமான அளவுகோல். பி.ஆர்.பி.யால் புற்றுநோய் வரும் என்று நிரூபணமில்லை. ஆபத்தே இல்லை என்று சொல்லவும் போதிய ஆய்வுகள் இல்லை. கட்டி இருந்த இடத்திலோ அதன் அருகிலோ வேண்டாம். ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், கீமோதெரபியால் தட்டணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கும் இது பொருந்தாது.

பழைய புண்ணே புற்றாக மாறுவதும் உண்டு. தீக்காயத் தழும்பிலும் நாள்பட்ட படுக்கைப் புண்ணிலும் வரும் இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். ஓரம் தடித்தாலும், சதை பூத்தாலும், நாற்றம் கூடினாலும், ரத்தம் கசிந்தாலும் முதலில் பயாப்ஸி எடுக்க வேண்டும்.

பி.ஆர்.பி.க்குச் சம்மதிக்கும் முன் உங்கள் பழைய புற்றுநோய்க் கோப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். புற்றுநோய் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அந்தச் சிகிச்சைக்கு இடம் கொடுக்காதீர்கள்.