கொல்லைக்கு ஏற்ற ரோஜா



சந்தைக்குப் போன இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூத்து நிற்கும் ரோஜாச் செடியைப் பார்க்கிறோம். ஆசைப்பட்டு வாங்கி வருகிறோம். வந்த மாதம் நாலு பூ பூக்கும். அடுத்த மாதம் இலையில் கரும்புள்ளி விழுந்து உதிரும். பிறகு அடியிலிருந்து ஒரு போத்து வாளிப்பாகக் கிளம்பும். "செடி பிழைச்சுக்கிச்சு" என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அதில் நாம் பார்த்த பூ வரவே வராது. "நமக்கு ரோஜா ராசியில்லை" என்று விட்டுவிடுவோம்.

ராசியில் ஒன்றும் குறையில்லை. அது ஒட்டுச் செடி. வேர் ஒரு காட்டு ரோஜாவுடையது; அதன்மேல் பெரிய பூ ரகத்தின் மொட்டை ஒட்டியிருக்கிறார்கள். மேலே இருப்பது நோஞ்சான், கீழே இருப்பது முரடு. ஒட்டுக்குக் கீழே வரும் போத்தை உடனே பிய்த்து எடுக்காவிட்டால், மேல்செடியின் சாப்பாட்டை அதுவே தின்றுவிடும். ஏழு இலை இருந்தால் காட்டுப் போத்து, ஐந்து இலை இருந்தால் நல்ல போத்து என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். நல்ல ரகத்திலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, ஒட்டுக்கு மேலா கீழா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

முதன்முதலில் ரோஜா வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது எட்வர்டு ரோஜா. மாலை கட்டுகிறவர்கள் உதிரிப் பூவாக வாங்குவார்களே, அந்த வாசனையுள்ள ரோஸ் நிறப் பூதான். இதன் பூர்வீகம் இந்துமாக்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவு. அங்கே சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து உண்டான இனம் இது. வெயில் நாட்டுப் பிறவியானதால் நம்மூர் வெயிலுக்கு அஞ்சாது. வாசனைதான் முக்கியம் என்றால் பன்னீர் ரோஜா வையுங்கள். ஓசூர்ப் பக்கம் பசுமைக் குடிலில் வளரும் நீளக்காம்பு ரோஜாவைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதற்கு ஆள், மருந்து, முதல் எல்லாம் வேண்டும். நம் கொல்லைப் பூவோ தலையில் வைப்பது. பிள்ளைகள் இதழைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். மருந்தடிக்காமல் வளர்கிற செடிதான் வீட்டுக்கு நல்லது.

இன்னொரு லாபம், எட்வர்டு ரோஜாவைக் குச்சியிலேயே உண்டாக்கலாம். ஒட்டு இல்லை, காட்டுப் போத்துத் தொல்லையும் இல்லை. பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி, செம்மண், மணல், மக்கிய எரு கலந்த பையில் பாதிக்கு மேல் புதையும்படி ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். துளிர்த்தவுடன் பிடுங்கி வேரைப் பார்க்கிற அவசரம் கூடாது. இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

நடுவதற்கு, நாளெல்லாம் இல்லாவிட்டாலும் 6 மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, 10 கிலோ தொழு உரத்தை மேல்மண்ணோடு கலந்து நிரப்பி நடுங்கள். செடிக்குச் செடி 3 அடி. குளிக்கிற தண்ணீர் தேங்கும் மூலையில் மட்டும் வைக்காதீர்கள்; ரோஜா காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். தண்ணீரைத் தூரில் விடுங்கள், இலைமேல் தெளிக்க வேண்டாம். இலை நனைந்தே இருந்தால்தான் கரும்புள்ளி பரவும். உதிர்ந்த புள்ளி இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

கவாத்து என்றால்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. பச்சைச் செடியை வெட்டுவதா என்று நம் வீட்டுப் பெரியவர்களே தடுப்பார்கள். ரோஜா புதுக்கிளையில்தான் நன்றாகப் பூக்கும். வெட்டாத செடி உயர்ந்து, மெலிந்து, உச்சியில் இரண்டு பூவோடு நிற்கும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் ஒருமுறை, போன பருவத்துக் கிளைகளைப் பாதி நீளத்துக்கு வெட்டுங்கள். காய்ந்தது, நோஞ்சலானது, உள்பக்கம் பின்னிக்கிடப்பது எல்லாம் அடியோடு போகட்டும். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவாவிட்டால் நுனியிலிருந்து கருகிக்கொண்டே இறங்கும். கவாத்து முடிந்ததும் 10 கிலோ தொழு உரம், திரும்ப ஜூலையில் அதே அளவு.

தண்டில் செதிள் பூச்சி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்தெடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

முதல் வருஷமே பூக்கும். கணிசமாகப் பறிப்பது இரண்டாம் வருஷத்திலிருந்துதான். பூவை விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறியுங்கள். அக்கம்பக்கத்தில் எட்வர்டு ரோஜா இருந்தால், கவாத்துக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அவர்கள் வெட்டி எறிகிற முற்றிய குச்சிதான் உங்களுக்கு விதை.