செக்கப்புக்குப் போகும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு

கிழக்கு லண்டனில் நான் மிட்வைஃபாக வேலை செய்யும் கிளினிக்கில் தமிழ்ப் பெண்கள் வராத நாள் இல்லை. சூப்பர்மார்க்கெட்டில் நிற்பவர்கள், முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்ப்பவர்கள், ஹோட்டல் அறை துப்புரவாக்குபவர்கள் என்று பலரும் வருவார்கள். முதல் சந்திப்பில் பழைய வருத்தங்கள், குடும்பத்தில் யாருக்காவது சலரோகம் உண்டா என்பதையெல்லாம் சலிக்காமல் சொல்வார்கள். அடுத்த திகதியைச் சொன்னதும்தான் முகம் வாடும்.

"அக்கா, அண்டைக்கு எனக்கு வேலை. லீவு கேட்டால் மணித்தியாலத்தை வெட்டிப்போடுவாங்கள்."

"வெட்ட ஏலாது பிள்ளை. சட்டம் உம்மட பக்கம்" என்பேன். பலர் நம்புவதில்லை. வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் அந்த மணித்தியாலக் கூலியில்தான் ஓடுகிறது. ஒரு பேச்சை நம்பி அதை இழக்க யாருக்குத் துணிவு வரும்?

பிரித்தானியாவில் இந்த உரிமை 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. இப்போது 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. டாக்டரோ மிட்வைஃபோ போகச் சொன்ன கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வேலை நேரத்திலேயே போகலாம், வழக்கமான கூலி கிடைக்கும். போய்வரும் நேரமும் கிளினிக்கில் காத்திருக்கும் நேரமும் இதில் அடக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தாலும், பகுதி நேர வேலையானாலும் பொருந்தும். அந்த நேரத்தை ஆண்டு லீவில் கழிக்கவோ, வேறொரு நாள் நின்று ஈடுகட்டச் சொல்லவோ முடியாது. ஏஜென்சி மூலம் போகிறவர்கள் மட்டும் அதே இடத்தில் 12 வாரம் வேலை செய்திருக்க வேண்டும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு இது இல்லை.

முதல் தடவை போக அத்தாட்சி எதுவும் காட்டத் தேவையில்லை. அதன்பிறகு மேனேஜர் கேட்டால், கர்ப்பம் என்று உறுதிசெய்யும் கடிதத்தையும் அடுத்த திகதி எழுதிய அட்டையையும் காட்ட வேண்டும். அந்த அட்டையைக் கைப்பையின் அடியில் போட்டுவிடாமல், போனில் ஒரு படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிடும்படி சொல்வேன். வாயால் சொன்னதை மறந்துபோனேன் என்று சொல்லலாம், அனுப்பிய படத்தை அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு மணித்தியாலத்துக்கு இவ்வளவு வாதாட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் சீனிப் பரிசோதனையைத்தான் எடுத்துச் சொல்வேன். கர்ப்பகாலச் சலரோகம் வரும் வாய்ப்பு தெற்காசியப் பெண்களுக்கு அதிகம் என்பதால், எங்கள் பெண்களை 24 முதல் 28 வாரத்துக்குள் இந்தப் பரிசோதனைக்கு அழைப்போம். இரவு முழுவதும் சாப்பிடாமல் வர வேண்டும். வந்ததும் ஒரு தடவை இரத்தம் எடுப்போம். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். வெறும் வயிற்றில் அந்தத் திகட்டும் இனிப்பைக் குடித்து முடிப்பதே பெரும்பாடு. அதன்பின் நடமாடாமல், எதுவும் சாப்பிடாமல் இரண்டு மணித்தியாலம் இருந்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். முதல் அளவு 5.6 அல்லது அதற்கு மேல், இரண்டாவது 7.8 அல்லது அதற்கு மேல் என்று இரண்டில் ஒன்று வந்தாலே சலரோகம்தான். அரைநாள் போய்விடும்.

ஒரு பெண் இனிப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தார். போன் அடித்தது. சூப்பர்வைசர். பேசி முடித்ததும் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, "பத்து மணிக்கு நிக்கோணுமாம், அக்கா" என்றார். இரண்டாவது இரத்தம் எடுக்காவிட்டால் குடித்ததும் காத்திருந்ததும் வீண் என்று சொல்லிப் பார்த்தேன். கண் கலங்கியபடி போய்விட்டார். பத்து நாள் கழித்து முதலிலிருந்து எல்லாம் மறுபடி செய்தோம். இரண்டாவது அளவு 9ஐத் தாண்டியிருந்தது. சோற்றைக் குறைத்து, விரலில் குத்தி நாளுக்கு நாலு தடவை சீனி பார்க்க அவர் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அந்தப் பத்து நாளும் வயிற்றில் பிள்ளை அவ்வளவு சீனியோடு வளர்ந்தது. சீனி கட்டுப்படாவிட்டால் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும், பிரசவம் சிக்கலாகும், பிறந்த கையோடு பிள்ளையின் சீனி சட்டென்று இறங்கும். அந்த அழைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் அடங்கவில்லை.

வகுப்புகளைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. மிட்வைஃபோ டாக்டரோ பரிந்துரைத்தால் பிரசவ ஆயத்த வகுப்புக்கும் இதே சம்பளம் உண்டு. பெரும்பாலும் பிரசவத்துக்கு 8 முதல் 10 வாரம் முன்பு தொடங்கும். நோவு எடுத்தால் எப்போது ஆஸ்பத்திரிக்குப் போன் அடிப்பது, மூச்சை எப்படி விடுவது, பிள்ளையை மார்பில் எப்படிப் பிடிப்பது என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். ஊரில் என்றால் அம்மா, பெரியம்மா என்று வீடு நிறைந்திருக்கும். இங்கே பல பெண்கள் தனியாக இருக்கிறார்கள். அதனால் இந்த வகுப்பை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கேட்டவர்களுக்கு உடனே பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். கேட்காதவர்களுக்கும் கொடுப்பேன்.

நியாயமில்லாமல் மறுத்தாலோ சம்பளத்தைப் பிடித்தாலோ மூன்று மாதத்துக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்துவதும் சட்டவிரோதம். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு வழக்குக்கு அலைய யாருக்கும் மனம் வராது. தொழிற்சங்கம் இருக்கும் இடமென்றால் முதலில் அங்கே சொல்வது நல்லது. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு அவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாலே பல மேனேஜர்கள் இறங்கி வந்துவிடுவார்கள்.

கணவன்மாருக்கு 2014 அக்டோபர் முதல் இரண்டு சந்திப்புக்குக் கூடப்போகும் உரிமை இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் ஆறரை மணித்தியாலம். சம்பளம் கிடையாது. 20 வார ஸ்கேன் அன்று இரவு வேலை முடித்து, நித்திரை இல்லாத கண்ணோடு நேரே வந்து நிற்கும் தகப்பன்மாரை நான் பார்க்கிறேன். இந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் கொடுக்கும்படி சட்டத்தை மாற்றினால், இன்னும் எத்தனையோ பேர் அந்த அறைக்குள் வருவார்கள்.