அவை அறிவோம், அச்சம் களைவோம்
(நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர்க்கு ஒரு வழிகாட்டி)



திருக்குறளில் 'அவையறிதல்' 72ஆம் அதிகாரமாகவும், 'அவையஞ்சாமை' 73ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. முதலில் அவையை அறிதல் வேண்டும். அதன் பின்னரே அச்சம் அகலும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கும் இவ்வரிசையே பொருந்தும்.

புலம்பெயர்ந்து வந்த முதல் தலைமுறையினர் பலர், அறிந்தவர் ஒருவரின் சொல்லைக் கொண்டே உணவகங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் வேலை பெற்றனர். இன்று திரான்சியில் வளரும் பிள்ளைகளோ, முன்பின் அறியாத ஒருவர் முன் அமர்ந்து தம்மைத் தாமே எடுத்துரைக்க வேண்டியுள்ளது. தற்புகழ்ச்சி தகாது என்றும், பெரியோர் முன் தலைதாழ்த்தி நிற்பதே பணிவு என்றும் நாம் அவர்களை வளர்த்துள்ளோம். ஆனால் தேர்வாளரின் முகத்தை நோக்காது தயங்கி விடையளித்தால், அதனை அவர் பணிவாக அன்றித் தன்னம்பிக்கைக் குறைவாகவே கருதக்கூடும்.

பெரும்பாலான தேர்வுகளில் கேட்கப்படும் வினாக்கள் சிலவே.

'உங்களைப் பற்றிக் கூறுங்கள்' என்பது முதலாவது. இங்கு குடும்ப வரலாறு வேண்டப்படுவதில்லை. கற்றது என்ன, செய்தது என்ன, இவ்வேலையை நாடுவது ஏன் என்னும் மூன்றையும் இரண்டு நிமிடங்களில் கூறுதல் போதும்.

'எமது நிறுவனத்தை ஏன் தெரிவு செய்தீர்கள்?' என்பது இரண்டாவது. அந்நிறுவனம் செய்யும் தொழிலை முன்னரே அறிந்து செல்பவரே இதற்கு விடை கூற இயலும்.

'உங்கள் குறை யாது?' என்பது மூன்றாவது. குறையே இல்லை என்பது நம்பத்தகாத விடை. உண்மையான ஒரு குறையையும், அதனைத் திருத்த மேற்கொள்ளும் முயற்சியையும் சேர்த்துக் கூறுக.

'எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்?' என்பது நான்காவது. இந்நாட்டில் பெரும்பாலும் பிடித்தங்களுக்கு முந்திய தொகையே பேசப்படும். கைக்கு வருவது அதனினும் குறைவு என்பதை நினைவிற் கொள்க.

'செய்முறை அனுபவம் உண்டா?' என்னும் வினாவுக்கு, 'இல்லை' என்று நம் பிள்ளைகள் தலையசைத்துவிடுவர். அரச அலுவலகங்களில் பெற்றோருக்காக மொழிபெயர்த்ததும், கடிதங்களைப் படித்து விளக்கியதும், படிவங்களை நிரப்பியதும், விழா மேடையில் அறிவிப்புச் செய்ததும் அனுபவம் அன்றி வேறென்ன? தமிழ் அறிவையும் தன்விபரக் கோவையில் தயங்காது எழுதுக.

அவையை அறிதல் என்பதில் சட்டத்தை அறிதலும் அடங்கும். பிரெஞ்சுத் தொழிற் சட்டத்தின்படி, தேர்வாளர் கேட்கும் வினா வேலையோடு நேரடித் தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். 1992 டிசம்பர் 31ஆம் நாட் சட்டம் இதனை வகுத்தது. பிறப்பிடம், மதம், குடும்பப் பெயர், கர்ப்பம் முதலியவற்றைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குதல் குற்றமாகும். 2014இல் வசிப்பிடமும், 2016இல் பிரெஞ்சு அல்லாத மொழியைப் பேசும் ஆற்றலும் இப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. எனவே செய்ன் சன் தெனியில் வசிப்பதோ, தமிழ் பேசுவதோ ஒருவரைப் புறக்கணிக்கக் காரணமாகாது.

தகாத வினா எழுந்தால் சினம் வேண்டாம். 'இது இவ்வேலைக்கு எவ்வாறு தேவைப்படுகிறது?' என்று பணிவுடன் கேட்கலாம். அநீதி நேர்ந்ததாகக் கருதினால், 3928 என்னும் தொலைபேசி எண்ணின் வழியாக உரிமைகள் பாதுகாவலர் அலுவலகத்தின் உதவியை நாடலாம். அதேவேளை, விண்ணப்பதாரியும் நேர்மையாக விடையளித்தல் வேண்டும் என்று அதே சட்டம் கூறுகிறது. இல்லாத பட்டத்தை உண்டெனக் கூறுதல் தவறே.

பதினாறு முதல் இருபத்தைந்து வயது வரையான இளையோர்க்கு 'மிசியோன் லொக்கால்' நிலையங்களும், அனைவர்க்கும் 2024 சனவரி முதல் 'பிரான்ஸ் திரவாய்' என வழங்கும் வேலைவாய்ப்பு நிறுவனமும் உதவி புரிகின்றன.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிரெஞ்சு மொழி சரளமாக வராதெனப் பின்வாங்காதீர்கள். மேசையின் எதிரே அமர்ந்து இவ்வினாக்களைத் தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை முதலில் தமிழிலும் பின்னர் பிரெஞ்சிலும் விடை கூறட்டும். எண்ணம் தெளிவானால் எம்மொழியிலும் சொல் தானே வரும். பேச்சுப் போட்டி மேடையில் இன்று நடுக்கமின்றி நிற்கப் பழகும் சிறுவர்க்கு, நாளைய தேர்வு அறையும் பழகிய அவையாகவே தோன்றும்.