உருவமில்லாக் கணினிக்கும் ஒரு வாய்



தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கணினித்துறை படிக்கிறார்கள். விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த வேலையை அழித்துவிடப் போவதாக நம்மிடம் சொன்னார். ஏன் என்று கேட்டோம். "திரை இருட்டா இருக்கு சார். நெட்வொர்க்கும் இல்லை. செத்துப்போச்சு" என்றார்.

சாகவில்லை, நேயர்களே. அது வேறொரு வழியில் பேசிக்கொண்டிருந்தது.

ஒரு கணினிக்குள் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை அமைக்கலாம். அதுவே மெய்நிகர் கணினி. வெளியே இருப்பதை வீட்டுக்காரர் என்றும் உள்ளே இருப்பதை விருந்தாளி என்றும் வைத்துக்கொள்வோம். மாணவரின் விருந்தாளி, லினக்ஸில் இயங்குவது.

பழைய கணினிகளின் பின்புறத்தில் 'சீரியல் போர்ட்' என்ற வாய் இருக்கும். பால் நிறுக்கும் இடத்தில் வாளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுபோல, செய்தி அதன் வழியே துணுக்குத் துணுக்காகப் போகும். அதே வாயை வீட்டுக்காரர் மென்பொருளால் செய்து விருந்தாளிக்குக் கொடுக்கிறார். லினக்ஸ் அதை உண்மையானதாகவே நடத்தி, 'டிடிஒய்எஸ்0' என்று பெயரிடுகிறது. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் இதுவே முதல் வாய். 'டிடிஒய்' என்பது தொலைத்தட்டச்சுப் பொறிக் காலத்துப் பெயர்.

வாய் இருந்தால் மட்டும் போதாது. அதன் வழியே பேசு என்று விருந்தாளிக்கும் சொல்ல வேண்டும். தொடக்கக் கட்டளையில் 'கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200' என்று எழுதுவது அதற்காகத்தான். அந்த எண், ஒரு விநாடிக்குச் செல்லும் துணுக்குகளின் வேகம். இரண்டு கன்சோல்களைக் குறித்தால், லினக்ஸ் கருவின் செய்திகள் இரண்டிலும் வரும். கடைசியாகக் குறித்ததே முதன்மைக் கன்சோல் ஆகும்.

மாணவரின் விருந்தாளிக்கு டிடிஒய்எஸ்0 ஒன்றுதான் குறிக்கப்பட்டிருந்தது. அவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் 'விர்ஷ் கன்சோல்' என்ற கட்டளையுடன் விருந்தாளியின் பெயரையும் தட்டச் சொன்னோம். பிறகு என்டர் விசையை அழுத்தினார். உடனே செய்தி வந்தது: பட்டியலில் எழுதியிருந்த ஒரு வட்டைக் காணாமல் விருந்தாளி பாதியிலேயே நின்று, கடவுச்சொல் கேட்டுக் காத்திருந்தது. நெட்வொர்க் வராததும் அதனால்தான். அந்த ஒரு வரியைத் திருத்தினார். மூன்று வார உழைப்பு பிழைத்தது.

நெட்வொர்க் அற்றாலும் இந்த வாய் அடைபடாது. ஆகவே மெய்நிகர் கணினி அமைக்கும் நாளிலேயே இரு பக்கமும் சரிசெய்து, ஒருமுறை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். மௌனத்தைக் கண்டதும் அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.