செல்லுக்குள் ஒரு காவல் அதிகாரி!

விழுப்புரம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கும்வரை, ஒரு போலீஸ் உயரதிகாரியின் வேலை உத்தரவு போடுவது. அதே அதிகாரி திண்டிவனம் கடைவீதியில் ஜீப்பை விட்டு இறங்கினால்? நேரடி நடவடிக்கைதான்!

உங்கள் உடம்பின் செல்களிலும் அப்படியொரு அதிகாரி உண்டு. பெயர், பி-53. 1979-ல் கண்டறியப்பட்ட இந்தப் புரோட்டீன், புற்றுநோயை முளையிலேயே கிள்ளுகிறது. எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ப அதன் வேலையும் மாறும்.

உட்கருவில்...

செல்லின் தலைமையகம் இதுதான். இங்குள்ள டி.என்.ஏ. சேதமானால் பி-53 குவிந்துவிடும். சில ஜீன்களை முடுக்கிவிட்டு, 'பழுது சரியாகும்வரை இரண்டாகப் பிரியாதே' என்று செல்லுக்குத் தடை போடும்.

மைட்டோகாண்ட்ரியாவில்...

சரிசெய்யவே முடியாத பழுதா? பி-53-ல் ஒரு பகுதி, செல்லின் பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், அதன் வெளிச்சுவரில் ஓட்டை விழச் செய்யும். உள்ளிருந்து கசியும் பொருள், செல்லைத் தானாகவே மடிய வைக்கும். ஒரு செல் போனால் போகட்டும், ஆள் பிழைத்தால் போதாதா?

ஆபத்து இல்லாத நேரத்தில் செல்லே பி-53-ஐ உடனுக்குடன் அழித்து, அளவாக வைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் நல்ல செல்கூட வளர முடியாதே!

வைரஸின் தந்திரம்

செல்லின் இந்த அழிக்கும் இயந்திரத்தைத்தான் எச்.பி.வி. என்ற வைரஸ் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகிறது. கர்ப்பப்பை வாயில் தொற்றும் இந்த வைரஸைப் பெரும்பாலும் உடம்பே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும். அதன் ஆபத்தான ரகங்கள் வருடக்கணக்கில் தங்கிவிட்டால் பி-53 அழிந்துகொண்டே இருக்கும். காவல் இல்லாத வீட்டில் திருடன் புகுந்த கதைதான்!

பயம் வேண்டாம் சகோதரிகளே! இது புற்றுநோயாக மாறப் பல வருடங்கள் பிடிக்கும். அதற்குள் கண்டுபிடித்துவிடலாம். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை அது. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் இதைச் செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்ததில், இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதம் குறைந்ததாக 2007-ல் ஆய்வு முடிவு வெளியானது.

முப்பது வயது தாண்டியவரா? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ இந்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் நாள் கடத்தாதீர்கள். 9 முதல் 14 வயதுக்குள் மகள் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் விசாரியுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், லாபம் வைரஸுக்குத்தான்!